மணிச் சத்தத்தில் திணறிய கம்ப்யூட்டர்!

குட்டீஸ்... நீங்கள் கணக்குப் போட்டுக் கொண்டிருக்கும்போது, வாசலில் காலிங் பெல் அடித்தால் என்ன செய்வீர்கள்? நோட்டை அப்படியே வைத்துவிட்டு, கதவைத் திறப்பீர்கள். வந்தவரை அனுப்பிவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடருவீர்கள்.

கம்ப்யூட்டரும் இப்படித்தான்! கீ-போர்டில் ஒரு எழுத்தைத் தட்டினாலும், இன்டர்நெட்டிலிருந்து ஒரு தகவல் பொட்டலம் வந்தாலும், பிராசஸருக்கு மணி அடிக்கும். இதற்கு, 'இன்டரப்ட்' என்று பெயர். உடனே பிராசஸர், கையில் உள்ள வேலையை நிறுத்திவிட்டு, வந்ததை கவனிக்கும். ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் மையப் பகுதியான, 'கெர்னல்' தான் இதை நடத்தி வைக்கிறது.

எப்போதாவது மணி அடித்தால் சரி... அடித்துக் கொண்டே இருந்தால்?

ஜிகாபிட் நெட்ஒர்க்கில், மிகச் சிறிய பொட்டலங்கள் நொடிக்கு 14 லட்சத்து 88 ஆயிரம் வரை வர முடியும். ஒவ்வொன்றுக்கும் ஒரு மணி என்றால், பிராசஸர் பாவம்! பொட்டலத்தை வாங்கி வைத்து, பிரித்துப் பார்ப்பதற்குள் அடுத்த மணி. வாங்கி வைத்தவை வரிசையில் நிரம்பி வழிய, மீதியைத் தூக்கி எறிய வேண்டியதுதான். ஓயாமல் உழைத்தும், முடித்த வேலை பூஜ்யம்! இதற்கு, 'லைவ்லாக்' என்று பெயர்.

அந்தக் காலத்துக் குறைந்த வேக நெட்ஒர்க்கிலேயே இந்தத் திணறல் வந்துவிட்டது. ஜெப்ரி மோகல், கே.கே.ராமகிருஷ்ணன் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள், யூனிக்ஸ் வகை கெர்னல் ஒன்றை மாற்றியமைத்து, 1996ல் இதற்கு வழி சொன்னார்கள்.

முதல் மணி அடித்ததும், மணியை நிறுத்திவிட வேண்டும். பிறகு, கெர்னல் தானாகவே போய், குறிப்பிட்ட எண்ணிக்கை வரை பொட்டலங்களை எடுத்து, ஒவ்வொன்றையும் முழுதாக முடிக்க வேண்டும். நடுநடுவே மற்ற வேலைகளுக்கும் நேரம் தர வேண்டும். பொட்டலங்கள் தீர்ந்ததும், மணியை மறுபடி போட்டுவிடலாம்.

சரி, அளவுக்கு மீறி வருபவை? நெட்ஒர்க் கார்டிலேயே கைவிடப்படும். 'ஐயோ, வீணாகிறதே' என்கிறீர்களா? பாதி வேலை செய்த பின் எறிந்தால், பொட்டலத்தோடு உழைப்பும் போகும். முதலிலேயே விட்டால், உழைப்பாவது மிஞ்சும். முக்கியமான தகவல் என்றால், அனுப்பிய கம்ப்யூட்டர், 'கிடைத்தது' என்ற பதில் வராததைக் கண்டு, மீண்டும் அனுப்பிவிடும்.

இதே யோசனை, 'நாப்பி' என்ற பெயரில் லினக்ஸ் கெர்னலிலும் சேர்ந்தது. 2003 டிசம்பரில் வெளிவந்த லினக்ஸ் 2.6ல் இது உண்டு. ஒரு நடைக்கு, பொதுவாக 64 பொட்டலங்கள் என்பது அதன் கணக்கு. இன்றும் உலகெங்கும் லினக்ஸ் சர்வர்கள் இதை நம்பித்தான் ஓடுகின்றன.

உங்கள் வீட்டில் ஆண்ட்ராய்டு போன் இருக்கிறதா? அதற்குள் இருப்பதும் லினக்ஸ் கெர்னல்தான் குட்டீஸ்!