தறி மோட்டாருக்குள் ஒரு காபி ஃபில்டர்

சங்கரன்கோவில் விசைத்தறி ஊர். தறியை ஓட்டுவது பெரும்பாலும் ஒரு குதிரைத்திறன் மோட்டார்தான். அது எவ்வளவு ஆம்பியர் இழுக்கும், எவ்வளவு சூடாகும் என்பதில் மயிரிழை போன்ற ஒரு காற்று இடைவெளிக்குப் பெரும் பங்கு உண்டு. பாலிடெக்னிக் பாடத்தில் ‘ரிலக்டன்ஸ்’ என்று வரும் காந்தத் தடை பிடிபட்டால் அது ஏன் என்று விளங்கிவிடும். அதற்கு அடுக்களையில் இருக்கும் காபி ஃபில்டர் போதும்.

ஃபில்டரில் நடப்பது

மேல் டப்பாவில் தூளைப் போட்டு வெந்நீர் ஊற்றுகிறோம். தண்ணீர் உயரமாக நின்றால் டிகாக்‌ஷன் வேகமாக இறங்கும். தூள் தடிமனாகக் கிடந்தால் மெதுவாக இறங்கும். ஃபில்டர் அகலமானால் அதிகம் இறங்கும். தூள் கொரகொரப்பாக இருந்தால் விறுவிறுவென வழிவிடும். மாவாக அரைத்திருந்தால் அடைத்துக்கொள்ளும்.

மோட்டாரில் நடப்பது

காயிலின் சுற்று எண்ணிக்கையை ஆம்பியரால் பெருக்கினால் வருவது வெந்நீரின் உயரம். இறங்கும் டிகாக்‌ஷன், காந்தப் பாயம். தூளின் தடிமன் பாதையின் நீளம். ஃபில்டரின் அகலம் குறுக்குப் பரப்பு. அரைத்த பதம் உட்புகுதிறன், அதாவது ஒரு பொருள் காந்தப் பாயத்துக்கு வழிவிடும் தன்மை. நீளத்தைப் பரப்பாலும் உட்புகுதிறனாலும் வகுத்தால் கிடைப்பதே காந்தத் தடை. ஜான், எட்வர்ட் ஹாப்கின்சன் சகோதரர்கள் 1886இல் டைனமோவுக்கு இப்படித்தான் கணக்குப் போட்டுக் காட்டினார்கள்.

இரும்புத் தகடு கொரகொரப்பான தூள், காற்று மாவுத்தூள். தகட்டின் உட்புகுதிறன் காற்றைப்போல் 2000 மடங்கு என்று கொள்வோம். மோட்டாரில் அசையாமல் நிற்கும் ஸ்டேட்டருக்கும் உள்ளே சுழலும் ரோட்டருக்கும் நடுவே 0.3 மி.மீ. இடைவெளி. பாயம் போகும்போது ஒருமுறை, திரும்பும்போது ஒருமுறை அதைக் கடக்க வேண்டும், ஆக 0.6 மி.மீ. காற்று. அது 1200 மி.மீ. இரும்புக்குச் சமம்! அந்தச் சின்ன மோட்டாரில் பாயம் கடக்கும் இரும்போ 200 மி.மீ. அளவில்தான் இருக்கும். தடையின் பெரும்பகுதி அந்த மெல்லிய காற்றில்தான் இருக்கிறது.

ஒப்புமை பொருந்தாத இடம்

காந்தப் பாயத்தில் எதுவும் வழிந்தோடுவதில்லை. தடையும் மின்சாரத்தைத் தின்பதில்லை. இடைவெளியில் ஆற்றல் சேர்ந்து, திரும்பி வருகிறது. ஆனால் அதற்காக வந்து போகும் மின்னோட்டம் செம்புக் கம்பி வழியாகத்தானே போக வேண்டும்? அங்கேதான் சூடு பிறக்கிறது.

லேத் பட்டறையில் நடப்பது

பேரிங் தேய்ந்தால் ரோட்டர் ஒரு பக்கம் இறங்கும். அந்தப் பக்கம் இடைவெளி குறைய, காந்த இழுப்பும் அங்கேயே கூடும். கடைசியில் ரோட்டர் ஸ்டேட்டரில் உரசும். பேரிங்கை மாற்றாமல், உரசாதிருக்க ரோட்டரை லேத்தில் கடைந்துவிடுவது உண்டு. சுற்றிலும் 0.1 மி.மீ. எடுத்தாலே இடைவெளி 0.4 ஆகிறது. நம் கணக்கில் காற்றின் 1200, இரும்பின் 200 சேர்ந்து 1400 ஆக இருந்த மொத்தத் தடை, 1600, 200 சேர்ந்து 1800 ஆகிவிடும்.

பாயத்தின் அளவை நிர்ணயிப்பது லைன் வோல்டேஜ், அது மாறுவதில்லை. அதே அளவு டிகாக்‌ஷன் இறங்கியாக வேண்டும், தூளோ தடித்துவிட்டது. வெந்நீரை உயர்த்துவதைத் தவிர வழியில்லை. சுற்றுகள் மாறாததால் காந்தமேற்றும் ஆம்பியர்தான் கால் பங்குக்கு மேல் ஏறும். பவர் ஃபேக்டர் இறங்கும், காயில் கொதிக்கும். கெப்பாசிட்டர் போட்டால் லைனில் ஆம்பியர் குறையும். மோட்டாரின் காயிலுக்குள் அது குறையாது.

ஆகவே தறி வைத்திருப்பவர்கள் இதைப் பழக்கமாக்கிக்கொள்ள வேண்டும். மோட்டார் நன்றாக ஓடும்போதே பெல்ட்டைக் கழற்றி, சுமையின்றி ஓடவிட்டு, டாங் டெஸ்டரில் ஆம்பியரைக் குறித்து வையுங்கள். பழுது பார்த்து வந்ததும் அதே வோல்டேஜில் மறுபடி பாருங்கள். அளவு கணிசமாக ஏறியிருந்தால், ரோட்டரைக் கடைந்தார்களா, காயில் சுற்றைக் குறைத்தார்களா என்று கேளுங்கள். பேரிங் சத்தம் போடத் தொடங்கியதுமே மாற்றிவிடுங்கள். ஒரு பேரிங்கின் விலையில் இடைவெளியும் பிழைக்கும், காயிலும் பிழைக்கும்.