மஞ்சள் ஒளியும் மறைந்த ஒளியும்

உப்புத் துகளைச் சுவாலையில் இட்டு, அது மஞ்சளாய் எரியக் கண்டு வியந்த நாள் எம் பழைய மாணவர் பலர்க்கும் நினைவிருக்கும். சோடியம் தரும் அவ்வொளியின் அலைநீளம் ஏறத்தாழ 589 நனோமீற்றர். அதனை ஒத்த நிறமுடைய மஞ்சள் லேசர் இன்று விரலளவான பித்தளைக் குழாய்க்குள் அடங்கிவிட்டது. வெள்ளவத்தை மாடியறை ஒன்றிலோ கொட்டாஞ்சேனை வீடொன்றிலோ அதனைப் பொழுதுபோக்காகச் சோதிக்க விழையும் இளைஞர் முதற்கண் அறியவேண்டுவது ஒன்றுண்டு. அவ்வொளி மஞ்சளாய்ப் பிறந்ததன்று.

1960 மே 16இல் மைமான் முதன்முதல் இயக்கிய லேசர் செந்நிறமுடையது. இன்று சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய நிறங்களைச் சிறு குறைகடத்தி இருவாயிகள் நேராகவே தருகின்றன. மஞ்சளை அவ்வாறு பெறுதல் அரிது. ஆதலின் சுற்றுவழியொன்றைக் கையாளுகின்றனர். 808 நனோமீற்றர் அலைநீளமுடைய செங்கீழ்க் கதிர் நியோடிமியம் கலந்த பளிங்கொன்றைத் தூண்டுகின்றது. அப்பளிங்கு 1064, 1342 நனோமீற்றர் கொண்ட இரு கதிர்களை எழுப்புகின்றது. இவையும் கண்ணுக்குப் புலப்படா. இன்னொரு பளிங்கு இவ்விரண்டையும் இணைக்கின்றது. 1.165, 0.924 இலத்திரன் வோற்று ஆகிய இரு சத்திகளும் கூடி 2.089 ஆகின்றன, அச்சத்திக்குரிய அலைநீளமே 593.5 நனோமீற்றர் என்னும் மஞ்சள்.

எனினும் எல்லாக் கதிரும் இணைந்து விடுவதில்லை. எஞ்சியதைத் தடுக்கும் வடிகட்டி தரங்குறைந்ததாயின், மஞ்சளோடு செங்கீழ்க் கதிரும் வெளிப்படும். இங்கேதான் ஆபத்து உறைகின்றது. கூசும் ஒளி கண்ணிற் பட்டால் கால் விநாடியளவில் இமை தானே மூடும். காணாத ஒளிக்கு இமை மூடுவதில்லை. கண்வில்லையோ அதனையும் விழித்திரையிற் குவித்துவிடும். 577 நனோமீற்றர் மஞ்சள் லேசரால் மருத்துவர் விழித்திரை நோயைத் தீர்க்கின்றனர். அளவறிந்து செலுத்தும்போது காக்கும் ஒளியே அளவறியாதபோது சுட்டெரிக்கும்.

கலந்துள்ள ஒளியைப் பிரித்தறியும் முறைக்கு நல்லாசிரியர் நம்மவரே. திருச்சிராப்பள்ளியிற் பிறந்த சர் சி. வி. இராமன் 1928இல் கல்கத்தாவிலே கே. எஸ். கிருஷ்ணனோடு சூரிய ஒளியைத் திரவங்களிற் பாய்ச்சினார். நீலவூதா வடிகட்டியையும் மஞ்சட்பச்சை வடிகட்டியையும் ஒருங்கே ஒளியின் பாதையில் வைத்தபோது ஒளித்தடம் முற்றாக மறைந்தது. இரண்டாவதை எடுத்துக் கண்ணுக்கு முன் வைத்தபோதோ தடம் மீண்டும் தோன்றியது. நிறம் மாறிய புதிய ஒளி உண்டென்பதற்கு அதுவே சான்றாயிற்று. 1930இல் அவருக்கு நோபெல் பரிசும் கிடைத்தது.

அம்முறையை நாமும் பின்பற்றலாம். கண்ணுக்குப் புலப்படும் ஒளியைத் தடுத்துச் செங்கீழ்க் கதிரை மட்டும் விடும் வடிகட்டியை லேசருக்கும் சிலிக்கன் ஒளியுணரிக்கும் இடையில் வைக்கவேண்டும். மஞ்சள் மறைந்த பின்னரும் மானி அசையுமாயின் கசிவு உண்டென்பது தெளிவு. இதனைச் செய்யாது வெப்பவகை வலுமானியை மட்டும் நம்பினால், அது எல்லாக் கதிரையும் கூட்டியே காட்டும். மறைந்த கதிரின் வலுவை மஞ்சளின் வலுவென மயங்குவோம்.

ஒரு மில்லிமீற்றருக்கு 300 கோடுகள் கொண்ட கோணல் நெய்யரி பள்ளி ஆய்வுகூடத்தில் இருப்பின் இன்னும் நன்று. ஒளி அதனூடே நேராகச் சென்று 1 மீற்றர் தூரத்துத் திரையில் விழும்போது, முதல்வரிசை மஞ்சட் புள்ளி நடுப்புள்ளியிலிருந்து 18 சதமமீற்றரில் அமையும். 808 நனோமீற்றர் கதிர் 25 சதமமீற்றரிலும், 1064 கதிர் 34 சதமமீற்றரிலும், 1342 கதிர் 44 சதமமீற்றரிலும் விழும். முதலிரண்டையும் சிலிக்கன் உணரி காட்டும். 1342 கதிரை அது உணராது. ஆகவே சிலிக்கன் உணரி ஒன்றும் காட்டாமையால் மட்டும் லேசர் தூயதென்று தீர்ப்பளித்தல் தவறு.

லேசரை மேசையில் இறுகப் பொருத்துக. கண்மட்டத்துக்குக் கீழேயே கதிரைச் செலுத்துக. மேற்கூறிய எல்லா அலைநீளங்களுக்கும் உரிய கண்ணாடி அணிக. ஆசிரியர் அருகிருக்கச் செய்க. இரத்மலானை விமான நிலையம் அண்மையில் உள்ளதாதலின் வானை நோக்கிச் செலுத்துதல் ஒருபோதும் ஆகாது.

கண்ணாற் கண்டதே மெய்யென்பர். ஒளியைப் பொறுத்தவரை அது அரைகுறை மெய்யே. காணாததையும் அளந்த பின்னரே கண்டதை நம்பும் பழக்கத்தை எம் மாணவர் கைக்கொள்வாராக. அப்பழக்கம் அவர்தம் கண்களைக் காப்பதோடு அறிவையும் தெளிவிக்கும்.