செலுத்தாத கட்டணமும் கடன் வரலாறும்

வீட்டுக் கடனோ கல்விக் கடனோ கோரி ஒருவர் வங்கியை அணுகும்போது, வங்கி இரண்டு வினாக்களுக்கு விடை தேடுகிறது. கடனைத் திருப்பிச் செலுத்த வருவாய் உண்டா என்பது முதல் வினா. இதற்கு முன் பட்ட கடன்களை உரிய காலத்தில் செலுத்தினாரா என்பது இரண்டாவது. முதல் வினாவிற்குச் சம்பளச் சான்றிதழ் விடையளிக்கிறது. இரண்டாவது வினாவிற்குரிய விடை கடன் தகவல் நிறுவனங்களின் பதிவேட்டில் உள்ளது. வங்கிக் கடன்கள் மட்டுமன்றி, மறந்துபோன ஒரு தொலைபேசிக் கட்டணமும் அப்பதிவேட்டில் இடம்பெறக்கூடும் என்பதைப் பலர் அறிவதில்லை.

பதிவேடு உருவாகும் விதம்

இந்தியாவில் முதல் கடன் தகவல் நிறுவனமான சிபில் 2000ஆம் ஆண்டில் தோற்றுவிக்கப்பட்டது. இத்துறையை ஒழுங்குபடுத்த 2005ஆம் ஆண்டில் கடன் தகவல் நிறுவனங்கள் (ஒழுங்குமுறை) சட்டம் இயற்றப்பட்டது. டிரான்ஸ்யூனியன் சிபில், ஈக்விஃபாக்ஸ், எக்ஸ்பீரியன், கிரிஃப் ஹை மார்க் ஆகிய நான்கு நிறுவனங்கள் ரிசர்வ் வங்கியின் அனுமதி பெற்று இப்பணியைச் செய்கின்றன. உறுப்பு நிறுவனங்கள் அனுப்பும் விவரங்களைத் தொகுத்து இவை கடன் அறிக்கை தயாரிக்கின்றன. அதன் அடிப்படையில் 300 முதல் 900 வரை மதிப்பெண் வழங்கப்படுகிறது. திரட்டிய தகவல்கள் குறைந்தது ஏழு ஆண்டுகளுக்குப் பாதுகாக்கப்படுகின்றன.

முன்பணம் செலுத்திப் பயன்படுத்தும் செல்பேசி இணைப்பில் கடன் என்பதே இல்லை. மாத இறுதியில் கட்டணம் செலுத்தும் போஸ்ட்பெய்டு இணைப்போ வேறு வகையைச் சேர்ந்தது. முதலில் பயன்படுத்திப் பின்னர் பணம் செலுத்துவதால், ஒவ்வொரு மாதமும் நுகர்வோர் ஒரு சிறு கடன் பெறுகிறார் எனலாம். ஆகவேதான் செல்பேசி, தரைவழித் தொலைபேசி, அகலக்கற்றை இணைப்பு ஆகியவற்றுக்கும் கடன் அறிக்கையில் தனிக் கணக்கு வகைகள் உள்ளன.

எடுத்துக்காட்டாக, நாகபுரியில் பணியாற்றிய ஊழியர் ஒருவர் போபாலுக்கு மாற்றப்படுகிறார் எனக் கொள்வோம். அகலக்கற்றை இணைப்பை நிறுத்தும்படி வாய்மொழியாகச் சொல்லிவிட்டுப் புறப்படுகிறார். எழுத்து மூலமான கோரிக்கை இல்லை. கருவியும் திருப்பி ஒப்படைக்கப்படவில்லை. இறுதிக் கட்டணம் எழுநூறு ரூபாய் பழைய முகவரிக்குச் சென்று தேங்குகிறது. மூன்றாண்டுகள் கழித்து அவர் வீட்டுக் கடனுக்கு விண்ணப்பிக்கும்போது அந்தச் சிறு தொகை வாராக்கடனாக அறிக்கையில் நிற்கிறது. எழுநூறு ரூபாயைக் கொடுக்க இயலாதவர் அல்லர் அவர். ஆனால் பதிவேடு காரணத்தைக் கூறுவதில்லை; நிலுவையை மட்டுமே கூறுகிறது.

மின்கட்டணத்தின் நிலை

மின்கட்டண நிலுவையின் விளைவு முதன்மையாக வேறு வழியில் வருகிறது. 2003ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டம், 56ஆவது பிரிவின்படி, 15 நாட்களுக்குக் குறையாத எழுத்து மூலமான அறிவிப்பிற்குப் பின் மின் இணைப்பைத் துண்டிக்கலாம். கட்டணத்தில் தகராறு இருப்பின், கோரப்பட்ட தொகையையோ முந்தைய ஆறு மாதச் சராசரியின்படி கணக்கிட்ட தொகையையோ ஆட்சேபத்துடன் செலுத்தினால், தகராறு தீரும்வரை இணைப்பைத் துண்டிக்க இயலாது. பின்னர் மின் நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றத்தையும், அதற்கும் மேல் மின் குறைதீர்ப்பாளரையும் அணுகலாம்.

மின்கட்டணத்தைக் கடன் அட்டை வாயிலாகச் செலுத்திவிட்டு அட்டைக்குரிய தொகையைச் செலுத்தாது விட்டால், அந்த நிலுவை கடன் அறிக்கையில் பதிவாகும். அது அப்போது மின்கட்டணமன்று, வங்கிக் கடன்.

பரிகாரம் காணும் முறை

முதற்படி, அறிக்கையைப் பெற்றுப் பார்ப்பது. ஒவ்வொரு கடன் தகவல் நிறுவனமும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாக அளிக்க வேண்டும் என ரிசர்வ் வங்கி 2016ஆம் ஆண்டில் ஆணையிட்டது. கடன் தேவைப்படும் நாளுக்குச் சில மாதங்கள் முன்னரே இதனைச் செய்வது நலம்.

அடுத்து, பதிவு உண்மையா, பிழையா எனப் பிரித்தறிய வேண்டும். இரண்டிற்கும் வழி வேறு.

நிலுவை உண்மையாயின், முழுத் தொகையையும் செலுத்தி, ரசீதும் பாக்கியில்லாச் சான்றும் பெற வேண்டும். தொகையைக் குறைத்துக்கொண்டு சமரசம் செய்துகொள்ள நிறுவனம் முன்வரக்கூடும். எனினும் அவ்வாறு முடிந்த கணக்கு 'சமரசத்தில் தீர்ந்தது' என்றே குறிக்கப்படும்; பின்னர் கடன் தருவோர் அதனை முழுமையாகச் செலுத்தி முடித்த கணக்கிற்கு நிகராகக் கருதுவதில்லை. சில நூறு ரூபாயை மிச்சப்படுத்தப் போய்ப் பெரிய கடனை இழப்பது அறிவுடைமை ஆகாது. செலுத்திய பின்னும் பழைய தாமதம் உடனே அழிந்துவிடாது என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும். கணக்கின் நிலை மாறும். தொடர்ந்த ஒழுங்கான செலுத்துகையால் அதன் நிழல் காலப்போக்கில் மங்கும். உண்மையான பதிவை விலைக்கு அழித்துத் தருவதாகக் கூறும் இடைத்தரகர்களை நம்பிப் பயனில்லை.

பதிவு பிழையாயின், கட்டண நிறுவனத்திற்கும் கடன் தகவல் நிறுவனத்திற்கும் ஒருசேர எழுத வேண்டும். விவரம் அனுப்பிய நிறுவனம் உறுதிசெய்யாமல் கடன் தகவல் நிறுவனம் தானாகப் பதிவை மாற்றுவதில்லை என்பதே இதற்குக் காரணம். ரசீது, இணைப்பை நிறுத்தக் கோரிய கடிதம், கருவியை ஒப்படைத்த சான்று ஆகியவற்றின் நகல்கள் இணைக்கப்பட வேண்டும். 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின் 21ஆவது பிரிவு திருத்தம் கோரும் உரிமையை அளித்து, 30 நாட்களுக்குள் நடவடிக்கை எடுக்கப் பணிக்கிறது. வங்கிகள் உள்ளிட்ட கடன் நிறுவனங்களும் கடன் தகவல் நிறுவனங்களும் இக்கெடுவைத் தவறவிட்டால், நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்ற ரிசர்வ் வங்கியின் விதி 2024 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. 2022 செப்டம்பர் 1 முதல் கடன் தகவல் நிறுவனங்கள் ரிசர்வ் வங்கிக் குறைதீர்ப்பாளரின் வரம்பிற்குள்ளும் கொண்டுவரப்பட்டன.

தொலைபேசிக் கட்டணமே தவறாயின், முதலில் நிறுவனத்தின் புகார் மையத்திலும் பின்னர் அதன் மேல்முறையீட்டு அதிகாரியிடமும் முறையிடலாம். நுகர்வோர் ஆணையத்தை அணுகவும் தடையில்லை என உச்ச நீதிமன்றம் 2022ஆம் ஆண்டில் தீர்ப்பளித்தது.

வருமுன் காத்தல்

மேற்சொன்ன ஊழியர் ஊரைவிட்டுப் புறப்படுமுன் நான்கு செயல்களைச் செய்திருந்தால் போதும்: இணைப்பை நிறுத்த எழுத்து மூலம் கோருதல், கருவியை ஒப்படைத்து ரசீது பெறுதல், இறுதிக் கட்டணத்தைச் செலுத்துதல், புதிய முகவரியைத் தெரிவித்தல். மாற்றல் உத்தரவு பெறும் ஊழியர்களுக்கும் விடுதியை விட்டு நீங்கும் மாணவர்களுக்கும் இது பெரிதும் பொருந்தும்.

நிலமோ நகையோ இல்லாதவருக்கும் நாணயத்தை நம்பிக் கடன் கிடைக்கச் செய்வதே கடன் தகவல் முறையின் பயன். பதிவேட்டில் பிழை இருப்பின் அதே முறை அவரை வங்கியின் வாயிலிலிருந்து வட்டிக் கடைக்குத் திருப்பி அனுப்பிவிடும். ஆதலின் பதிவேடு செம்மையாக இருப்பது நிறுவனங்களின் கடமை. அதனை ஆண்டுதோறும் சரிபார்ப்பது நுகர்வோரின் கடமை. இரண்டும் நிறைவேறும்போதுதான் நேர்மையாகச் செலுத்துவோருக்கு உரிய கடன் தடையின்றிக் கிட்டும்.