தொண்டைமான் அரசகுடியின் மணவுறவும் வாரிசுரிமையும்: 1915ஆம் ஆண்டுத் திருமணத்தை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

புதுக்கோட்டை மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் 1915இல் ஆஸ்திரேலியப் பெண்ணான மோலி ஃபிங்கை மணந்தார். அம்மணத்தால் எழுந்த அலர், மன்னரின் தனிவாழ்க்கை குறித்த சுவையான செய்தியாகவே பெரிதும் பேசப்பட்டு வந்துள்ளது. அரசகுடி மணத்தை ஏற்கவும் மறுக்கவும் உரிய அதிகாரம் எவரிடம் இருந்தது என்னும் வினாவின் வழியாக அந்நிகழ்வை இக்கட்டுரை விளக்குகிறது. தொண்டைமான் மரபின் தொடக்கத்தில் அமைந்த மணவுறவும், பிற சமஸ்தானங்களில் நிகழ்ந்த ஒத்த மணங்களும் ஒப்பீட்டிற்கு எடுத்துக்கொள்ளப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: புதுக்கோட்டை, தொண்டைமான், சேதுபதி, மணவுறவு, வாரிசுரிமை, தத்து, அலர்

முன்னுரை

அக இலக்கண மரபில் அம்பலும் அலரும் களவொழுக்கத்தைச் சார்ந்தவை. ஊரார் வாய்க்குள் முணுமுணுப்பது அம்பல். வெளிப்படப் பேசுவது அலர். அலர் மிகும்போது தோழி வரைவு கடாவுகிறாள். வரைவு முடிந்ததும் அலர் அடங்குகிறது. திருமணமே அலருக்கு மருந்து என்பது அம்மரபின் உட்கிடை. அரசகுடி வரலாற்றில் இம்முறை தலைகீழாகிறது. மன்னன் ஒருத்தியோடு பழகுவதை அரண்மனையும் அயலாட்சியும் கண்டும் காணாமல் இருந்துவிடும். அவன் அவளை முறைப்படி மணக்கும்போதுதான் அலர் தொடங்குகிறது. மணம் வழியாகப் பட்டமும் நிலமும் கைமாறும் என்பதே இதற்குக் காரணம். புதுக்கோட்டை நிகழ்வு இதற்குத் தெளிவான சான்று.

மணவுறவில் தோன்றிய அரசு

புதுக்கோட்டைத் தொண்டைமான்களின் அரசே ஒரு கலப்பு மணவுறவின் பயனாக உருவானது. இராமநாதபுரத்தை ஆண்ட ரகுநாத கிழவன் சேதுபதி, கள்ளர் குலத்தைச் சேர்ந்த காதலி நாச்சியாரை மணந்தார். காதலியின் உடன்பிறந்தவரான ரகுநாதராயத் தொண்டைமான் சேதுபதியின் ஆதரவைப் பெற்று, பல்லவராயரிடமிருந்த புதுக்கோட்டைப் பகுதிக்கு 1686 அளவில் தலைவரானார். மறவர் குல மன்னருக்கும் கள்ளர் குலப் பெண்ணுக்கும் இடையிலான இம்மணம் இழிவாகக் கருதப்படவில்லை. அரசு ஒன்றின் கால்கோளாகவே நினைக்கப்பட்டது.

எனினும் அக்கால மரபு எல்லா மணங்களையும் ஒன்றாக நடத்தவில்லை. கிழவன் சேதுபதியின் மகன் பவானி சங்கரரின் பட்ட உரிமை, அவருடைய தாய் செம்பிநாட்டு மறவர் அல்லர் என்னும் காரணம் கூறி மறுக்கப்பட்டது. பின்னர் அவர் தஞ்சையின் படைத்துணையுடன் இராமநாதபுரத்தைக் கைப்பற்ற நேர்ந்தது. ஆகவே தாயின் குலத்தை வைத்து மகனின் பட்டத்தை மறுக்கும் வழக்கம் ஆங்கிலேயர் கொண்டுவந்ததன்று. மறுக்கும் அதிகாரம் குலத்தாரிடமிருந்தும் பாளையத்தாரிடமிருந்தும் சென்னைக் கோட்டைக்கு மாறியதே பிற்கால வேறுபாடு.

மார்த்தாண்ட பைரவர்

மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் 1875இல் பிறந்தார். இராமச்சந்திரத் தொண்டைமானுக்கு ஆண்வாரிசு நிலைக்காததால், மகள் வயிற்றுப் பேரனான இவர் தத்தெடுக்கப்பட்டு 1886இல் பட்டம் பெற்றார். அதாவது இவருடைய பட்டமே தத்துவழி வந்தது. சுதேச மன்னர்களுக்குத் தத்தெடுக்கும் உரிமையை உறுதிசெய்து கானிங் பிரபு வழங்கிய சனது 1862இல் புதுக்கோட்டைக்கும் கிடைத்திருந்தது. இச்செய்தியை நினைவில் கொண்டால்தான் பின்னிகழ்வின் பொருள் விளங்கும்.

சிறுவயதில் திவான் அ. சேஷய்ய சாஸ்திரியின் மேற்பார்வையிலும், கிராஸ்லி என்னும் ஆங்கில ஆசிரியரிடமும் இவர் வளர்ந்தார். 1894இல் முழு அதிகாரம் பெற்றார். மக்கள் பிரதிநிதிகள் சபை 1902இல் இவர் காலத்தில் அமைக்கப்பட்டது. ஐரோப்பியப் பழக்கவழக்கங்களில் தோய்ந்து, வெளிநாட்டுப் பயணங்களை விரும்பிய இவர் நாற்பது வயதை நெருங்கும்வரை மணம் செய்துகொள்ளவில்லை. ஆங்கிலேயர் திட்டமிட்டு அளித்த கல்வியே இவரை மேனாட்டு வாழ்வின்பால் ஈர்த்தது. அக்கல்வியின் இயல்பான விளைவாகிய மேனாட்டு மணத்தை அதே ஆட்சி ஏற்க மறுத்தது. இம்முரண் அக்காலச் சுதேச மன்னர் பலருக்கும் பொதுவானது.

1915: மெல்போர்ன்

1915இல் ஆஸ்திரேலியா சென்ற மன்னர், மெல்போர்ன் நகர வழக்கறிஞர் ஒருவரின் மகளான எஸ்மி மேரி ஃபிங்கைச் சந்தித்தார். மோலி என்று அழைக்கப்பட்ட அவர் 1894இல் பிறந்தவர். அவ்வாண்டு ஆகஸ்டு 10ஆம் நாள் மெல்போர்னில் பதிவுத் திருமணம் நடந்தது. 1901ஆம் ஆண்டின் குடிவரவுக் கட்டுப்பாட்டுச் சட்டத்தால் வெள்ளையரல்லாதாரைத் தடுத்து வந்த நாடு அது. அங்கும் இத்திருமணம் பரபரப்பாகப் பேசப்பட்டது.

மணம் நடந்த இடத்தின் சட்டப்படி அது குறையற்றது. சிக்கல் வேறிடத்தில் இருந்தது. பிரிட்டிஷ் இந்தியாவில் 1872ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டப்படி மணப்பவர் தம்மை இந்து அல்லர் என அறிவிக்க வேண்டும். புதுக்கோட்டை மன்னரோ ‘பிரகதாம்பாதாஸ்’ என்னும் பட்டத்தைத் தாங்கியவர். திருக்கோகர்ணத்துப் பிரகதாம்பாளின் அடியவராகவே அரசாண்டவர். அந்நாட்டுச் செப்புக்காசும் ‘அம்மன் காசு’ என்றே வழங்கியது. அத்தகைய அறிவிப்பு அவர் வாயிலிருந்து வந்திருக்க இயலாது. எனவே அயல்நாட்டுப் பதிவகமே அவருக்கு எஞ்சிய வழியாக இருந்தது எனக் கருத இடமுண்டு.

1915ஆம் ஆண்டின் இறுதியில் மணமக்கள் புதுக்கோட்டைக்கு வந்தனர். பென்ட்லண்டு பிரபு ஆளுநராக இருந்த சென்னை அரசும் அதற்கு மேலிருந்த இந்திய அரசும் மோலியை அரசியாக ஏற்கவில்லை. மாட்சிமைக்குரிய விளி அவருக்கு மறுக்கப்பட்டது. விளி மறுப்பு வெறும் சடங்குச் சிக்கலன்று; அரசி அல்லாதவளின் மகன் இளவரசன் அல்லன் என்னும் முடிவு அதனுள் அடங்கியிருந்தது. மோலி கருவுற்றிருந்தபோது அவருக்கு அரளி நஞ்சு ஊட்ட முயற்சி நடந்ததாகவும் கூறப்பட்டது. ஓராண்டும் நிறையாமல் 1916 ஏப்ரலில் இருவரும் புதுக்கோட்டையை விட்டு வெளியேறினர். அவ்வாண்டு ஜூலையில் சிட்னியில் மகன் பிறந்தான். அவனுக்கு மார்த்தாண்ட சிட்னி எனப் பெயரிட்டனர்.

பிற சமஸ்தானங்களும் புதுக்கோட்டையும்

மேனாட்டுப் பெண்ணை மணந்த முதல் சுதேச மன்னர் தொண்டைமான் அல்லர். பாட்டியாலாவின் ராஜிந்தர் சிங் 1893இல் ஃப்ளாரன்ஸ் பிரையனை மணந்தார். கபுர்தலாவின் ஜகத்ஜித் சிங் 1908இல் ஸ்பெயின் நாட்டு அனிதா டெல்காடோவைச் சீக்கிய முறைப்படி மணந்தார். இந்தூரின் துக்கோஜி ராவ் ஹோல்கர் பட்டம் துறந்த பின் 1928இல் அமெரிக்கரான நான்சி மில்லரை மணந்தார். இம்மணங்களையும் ஆங்கில ஆட்சி விரும்பவில்லை. ஆயினும் அவற்றுள் எதுவும் அரசுரிமையை அசைக்கவில்லை.

பாட்டியாலாவில் பூபிந்தர் சிங் முன்பே பிறந்திருந்தார். கபுர்தலா மன்னருக்கு இந்திய மனைவியர் வழி வளர்ந்த மக்கள் இருந்தனர். இந்தூரில் மகன் ஏற்கெனவே பட்டமேறிவிட்டார். வாரிசு உறுதியாக இருந்த இடங்களில் அலர் விருந்து மண்டபத்தோடு நின்றது. புதுக்கோட்டையில் மன்னருக்கு வேறு மனைவியும் இல்லை, வேறு மகனும் இல்லை. மோலியை ஏற்றால் ஆஸ்திரேலியத் தாயின் மகன் அரியணை ஏறுவான். இந்த ஒரு வேறுபாட்டை விட்டுவிட்டு, நிறவெறுப்பை மட்டுமோ காதல் துணிவை மட்டுமோ காரணமாகக் காட்டும் விளக்கங்கள் போதுமானவை ஆகா. நிறவெறுப்பு எல்லா நிகழ்விலும் பொதுவாக இருந்தது. விளைவு மட்டுமே வேறுபட்டது.

1799இல் கட்டபொம்மனைப் பிடித்துக் கொடுத்தது உட்பட, ஆங்கிலேயருக்குத் தொடர்ந்து துணைநின்ற அரசு புதுக்கோட்டை. அந்நன்றிக்கடன் இவ்விடத்தில் எப்பயனும் அளிக்கவில்லை என்பதையும் இங்குச் சுட்டலாம்.

பட்டமும் ஆட்சியும் பிரிதல்

மன்னர் ஊர் திரும்பி ஆளவில்லை. சில ஆண்டுகள் சிட்னியிலும், பின்னர் லண்டனிலும், தென்பிரான்சின் கான் நகரிலும் வாழ்ந்தார். 1920களின் தொடக்கத்தில் அரசுடன் உடன்பாடு ஏற்பட்டது: நிதி ஏற்பாட்டிற்கு ஈடாக அவர் ஆட்சியிலிருந்து விலகினார். பட்டம் அவரிடமே நின்றது. 1922 முதல் அவருடைய உடன்பிறந்தவரான விஜயரகுநாதப் பல்லவராயர் ரீஜண்டாக நிருவாகத்தை நடத்தினார்.

இவ்வுடன்பாடு கூர்ந்து நோக்கத்தக்கது. 1862ஆம் ஆண்டுச் சனது, குருதிவழி வாரிசு இல்லாத மன்னருக்குத் தத்துவழி வாரிசு தேட உரிமை தந்தது. மார்த்தாண்ட பைரவருக்கோ குருதிவழி மகன் இருந்தான். ஆனால் அரசியல் நோக்கில் அவன் இல்லாதவனாகக் கொள்ளப்பட்டான். தத்துமகனை மகனாக்கும் அதே அதிகாரம், பெற்ற மகனை மகனல்லாதவனாக்கவும் வல்லது என்பதை இந்நிகழ்வு காட்டுகிறது.

1928 மே 28ஆம் நாள் மன்னர் பாரிஸ் நகரில் காலமானார். அவருடைய உடல் புதுக்கோட்டைக்கு வரவில்லை. லண்டனின் கோல்டர்ஸ் கிரீன் எரியூட்டகத்தில் எரியூட்டப்பட்டது. அவ்வாண்டே தொண்டைமான் குடியின் கிளைவழியிலிருந்து ஆறு வயதுச் சிறுவரான ராஜகோபாலத் தொண்டைமானை ஆங்கில அரசு மன்னராகத் தேர்ந்தது. சிட்னி அவ்வாண்டு பன்னிரண்டு வயதை எட்டினார். மோலி 1967இல் கான் நகரில் இறந்தார். கடைசி மன்னரான ராஜகோபாலத் தொண்டைமான் திருமணமே செய்துகொள்ளவில்லை. 1948 மார்ச் 3ஆம் நாள் புதுக்கோட்டை இந்திய ஒன்றியத்துடன் இணைந்து, திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் பகுதியாயிற்று.