துளசி எண்ணெயும் கோழியின் நோய் எதிர்ப்பும்

சென்னை வடபழனி முருகன் கோயிலைச் சுற்றியுள்ள பூக்கடைகளில் துளசியும் மரிக்கொழுந்தும் மணக்கின்றன. துளசியின் மணத்துக்குக் காரணம், அதன் இலையிலுள்ள எளிதில் ஆவியாகும் எண்ணெயே. பல துளசி வகைகளில் இவ்வெண்ணெயின் முக்கியப் பொருள் யூஜினால். கிராம்பு எண்ணெயில் மிகுதியாக இருப்பதும் இதுவே.

துளசி 'எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும்' என்று நம்பி, அதன் எண்ணெயைக் கோழிகளுக்குக் கொடுக்க விரும்புவோர் உண்டு. இதில் கவனம் தேவை.

இரத்த அணுக்களில் நடப்பது என்ன?

உடலில் கிருமி புகுந்தால், அதை விழுங்கும் வெள்ளை அணுக்கள் சில வேதிப்பொருள்களைச் சுரந்து மற்ற அணுக்களை உதவிக்கு அழைக்கின்றன. வீக்கமும் காய்ச்சலும் இதனால் ஏற்படுபவை. ஆய்வுக்கூடத்தில் இத்தகைய அணுக்களுடன் யூஜினாலைச் சிறிதளவு சேர்த்தபோது, வீக்கத்தைத் தூண்டும் பொருள்களின் சுரப்பு குறைந்தது. அதாவது, இங்கு யூஜினால் அணுக்களை முடுக்கிவிடவில்லை. அவற்றின் வேகத்தைத் தணிக்கிறது. அளவு மிஞ்சினாலோ அணுக்களே மடிந்துவிடும்.

அளவறிந்து பயன்படுத்துக

100 கிலோ பசுந்தழையைக் காய்ச்சி வடித்தால் அரைக் கிலோ எண்ணெய்கூடக் கிடைப்பதில்லை. எனவே ஒரு சொட்டு எண்ணெய், ஏறத்தாழ ஒரு பிடி இலைக்குச் சமம். கிராம்பு எண்ணெயைத் தவறுதலாகக் குடித்த குழந்தைகளுக்கு ஈரல் கெட்டதுண்டு. ஆகவே கடையில் வாங்கிய எண்ணெயைக் கோழிக்கோ கன்றுக்கோ புகட்டலாகாது. தீவனத்துடன் சிறிதளவு துளசி இலையை நறுக்கிப் போடுவதில் இந்த அபாயம் இல்லை. ஆனால் அதை மருந்தாகக் கருத வேண்டாம்.

தடுப்பூசிக்கு ஈடல்ல

வெள்ளைக்கழிச்சல் நோய் தாக்கினால் தடுப்பூசி போடாத கோழிகள் கூட்டமாக மடியும். இந்நோய்க் கிருமியை அடையாளம் கண்டு எதிர்க்க வெள்ளை அணுக்களைப் பழக்குவது தடுப்பு மருந்தே. துளசி எண்ணெய்க்கு அந்த வேலை தெரியாது.

குஞ்சு பொரித்த ஏழாம் நாளில் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு மருந்து விட வேண்டும். எட்டாவது வாரத்தில் இறக்கைத் தோலுக்கடியில் ஊசி போட வேண்டும். மருந்தைப் பனிக்கட்டியில் வைத்தே எடுத்து வர வேண்டும். வெயிலில் காட்டினால் வீரியம் போய்விடும். நோயுற்ற கோழிகளுக்கு ஊசி போடக் கூடாது. அவற்றை உடனே தனியே பிரித்துவிட வேண்டும்.

கொல்லையில் நாலு துளசிச் செடி இருக்கட்டும். கோழிக்குத் தடுப்பூசியும் தவறாமல் போடட்டும். மேலும் விவரங்களுக்கு விவசாயிகள் அருகிலுள்ள கால்நடை மருந்தகத்தை அணுகலாம்.