10 நாளில் அமெரிக்காவையே திரும்பிப் பார்க்க வைத்த ‘மயில்கள்’: ஜெயித்த டீம் ஏன் கலைந்தது?

2022 மார்ச் 17, வியாழக்கிழமை இரவு. அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் நகர அரங்கில் கென்டக்கி பல்கலைக்கழக அணியும் செயின்ட் பீட்டர்ஸ் பல்கலைக்கழக அணியும் களமிறங்கியபோது, ஆட்டத்தின் முடிவைப் பற்றி யாருக்கும் பெரிய சந்தேகம் இல்லை.

கென்டக்கி, கல்லூரி கூடைப்பந்தில் ராஜ பரம்பரை. 8 முறை தேசிய சாம்பியன். செயின்ட் பீட்டர்ஸோ 1991, 1995, 2011 என மூன்று முறை இந்தத் தொடருக்குள் வந்து, மூன்று முறையும் முதல் ஆட்டத்திலேயே பெட்டியைக் கட்டிய அணி. ஒரு வெற்றிகூட கிடையாது.

ஆனால், ஆட்ட நேரம் முடிந்தபோது ஸ்கோர் 71-71. கூடுதலாகக் கொடுக்கப்பட்ட 5 நிமிடத்தில் செயின்ட் பீட்டர்ஸ் 14 புள்ளிகள் எடுத்தது, கென்டக்கியால் 8 தான் எடுக்க முடிந்தது. 85-79. கென்டக்கியின் ஆஸ்கார் ஷீப்வே தனியாளாக 30 புள்ளிகள் குவித்தும் பலனில்லை. எதிரே டேரில் பேங்க்ஸ் 27, மாற்று ஆட்டக்காரராக உள்ளே வந்த டக் எடர்ட் 20 என்று வெளுத்து வாங்கியிருந்தார்கள். ‘யாருப்பா இவங்க?’ என்று அமெரிக்காவே கூகுள் பண்ணத் தொடங்கியது.

யார் இந்த மயில்கள்?

நியூயார்க்கின் மன்ஹாட்டன் பகுதிக்கு எதிர்க்கரையில், ஹட்சன் ஆற்றின் ஓரமாக இருக்கும் ஊர் ஜெர்சி சிட்டி. அங்கே 1872-ல் இயேசு சபைத் துறவிகள் தொடங்கிய சின்னக் கல்லூரிதான் செயின்ட் பீட்டர்ஸ். அதன் அணிக்குப் பெயர் ‘பீகாக்ஸ்’, அதாவது மயில்கள். கல்லூரி விளையாட்டில் புலி, கரடி, கழுகு என்று பயமுறுத்தும் பெயர்களுக்கு நடுவில் மயில் எப்படி வந்தது? 17-ம் நூற்றாண்டில் அந்த நிலம் மைக்கேல் பாவ் என்ற டச்சுக்காரரிடம் இருந்தது. டச்சு மொழியில் ‘பாவ்’ என்றால் மயில். அவ்வளவுதான் கதை.

காசு விஷயத்துக்கு வருவோம். அந்த சமயத்தில் செயின்ட் பீட்டர்ஸ் ஆண்கள் கூடைப்பந்து அணிக்கு ஒரு வருடத்துக்கு ஆகும் மொத்தச் செலவே சுமார் 16 லட்சம் டாலர். கென்டக்கி பயிற்சியாளர் ஜான் கலிபாரியின் வருடச் சம்பளம் மட்டும் 80 லட்சம் டாலருக்கு மேல். அவர் ஒருவருக்குக் கொடுக்கும் பணத்தில் ஐந்து செயின்ட் பீட்டர்ஸ் அணிகளை நடத்தலாம்!

15-ம் நம்பர் என்றால் என்ன அர்த்தம்?

ஒவ்வொரு மார்ச்சிலும் நடக்கும் இந்தத் தொடரில் 68 கல்லூரிகள் ஆடும். ஒரே ஒரு தோல்வி, வெளியே போக வேண்டியதுதான். ரசிகர்கள் இதை ‘மார்ச் மேட்னஸ்’ என்று சொல்வது சும்மா இல்லை. நான்கு பிரிவு, ஒவ்வொன்றிலும் பலத்தைப் பொறுத்து 1 முதல் 16 வரை தரவரிசை. முதல் சுற்றில் 1-ம் நம்பர் 16-ஐச் சந்திக்கும், 2-ம் நம்பர் 15-ஐ. அதாவது 15-ம் நம்பர் என்பது கிட்டத்தட்ட ஒப்புக்குச் சப்பாணி. 1985-ல் இந்த முறை வந்ததில் இருந்து 2021 வரை நடந்த 144 ஆட்டங்களில் 15-ம் நம்பர் அணி ஜெயித்தது 9 முறைதான். கென்டக்கி ஆட்டம் பத்தாவது.

அந்த 15-ம் நம்பர் இடமும் லேசில் கிடைக்கவில்லை. சீசனின் தொடக்கத்தில் செயின்ட் பீட்டர்ஸுக்கு வெற்றியைவிடத் தோல்விதான் அதிகம். டிசம்பரில் கொரோனா வந்து சில வாரங்கள் ஆட்டமே நின்றது. இவர்கள் ஆடும் சிறிய லீகில் இருந்து பெரும்பாலும் ஒரே ஒரு அணிக்குத்தான் தேசியத் தொடரில் இடம்: லீகின் இறுதிக் கோப்பையை ஜெயிக்கும் அணிக்கு. லீக் ஆட்டங்களில் முதலிடம் பிடித்த அயோனா, கோப்பைப் போட்டியில் ரைடர் அணியிடம் தோற்று சீக்கிரமே வெளியேறியது. கிடைத்த கேப்பில் செயின்ட் பீட்டர்ஸ் நுழைந்தது. அட்லாண்டிக் சிட்டியில் மார்ச் 12-ம் தேதி நடந்த இறுதிப் போட்டியில் மன்மத் அணியை 60-54 என்று வீழ்த்தியது. அன்றைக்குத் தோற்றிருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இல்லை.

லக்கா, உழைப்பா?

ஒரு ஆட்டம் என்றால் லக் என்று தள்ளிவிடலாம். இரண்டு நாள் கழித்து, அதுவரை 31 வெற்றி, 2 தோல்வி என்று மிரட்டிக்கொண்டிருந்த மரே ஸ்டேட் அணியை 70-60 என்று அனுப்பிவைத்தார்கள். அந்த ஆட்டத்தில் கே.சி. என்டெஃபோ 17 புள்ளிகள், 10 ரீபவுண்ட், 6 பிளாக். தன் லீகில் மூன்று முறை சிறந்த தடுப்பாட்டக்காரர் விருது வாங்கியவர் அவர்.

இந்த அணியின் ரகசியமே தடுப்பாட்டம்தான். பந்து வைத்திருப்பவரை மூச்சுவிட விடாமல் நெருக்குவது, களைத்தவரை உடனே வெளியே எடுத்துவிட்டு ஃபிரெஷ்ஷான ஆளை இறக்குவது, பத்து பேரையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்துவது. பெரிய கல்லூரிகளில் என்.பி.ஏ. கனவோடு வரும் நட்சத்திரம் ஒரே வருடத்தில் கிளம்பிவிடுவார். இங்கே என்டெஃபோவும், பேங்க்ஸும், எடர்ட்டும், மாலி நாட்டில் இருந்து வந்த இரட்டையர்கள் ஹசன், ஃபூசெய்னி டிராமேவும் சில வருடங்களாக ஒன்றாகவே ஆடிக்கொண்டிருந்தார்கள். பணம் கொடுத்தால் வராத பலம் அது.

மார்ச் 25, ஃபிலடெல்ஃபியா. எதிரே 3-ம் நம்பர் பர்ட்யூ. அந்த அணியின் ஸாக் ஈடி 7 அடி 4 அங்குலம். மயில்களின் முக்கிய ஆட்டக்காரர்களில் 7 அடியைத் தொடுபவர்கூடக் கிடையாது. அதனால் அவர்கள் ஈடியைவிட, அவருக்குப் பந்து கொடுப்பவர்களைக் குறிவைத்தார்கள். பர்ட்யூ 15 முறை பந்தைப் பறிகொடுத்தது. கடைசி நொடிகளில் எடர்ட் இரண்டு ஃப்ரீ த்ரோவையும் பதற்றமில்லாமல் போட்டார். ஆட்டத்தைச் சமன் செய்ய ஜேடன் ஐவி தூரத்தில் இருந்து வீசிய பந்து உள்ளே விழவில்லை. 67-64.

15-ம் நம்பர் அணி ஒன்று கடைசி எட்டுக்குள் வந்தது வரலாற்றிலேயே அதுதான் முதல் முறை.

பயிற்சியாளரின் பழைய கணக்கு

ஷஹீன் ஹாலோவேயைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதை முழுமையாகாது. நியூயார்க்கின் குயின்ஸ் பகுதிக்காரர். 1996-ல் நாட்டின் சிறந்த பள்ளி ஆட்டக்காரர்கள் மோதிய மெக்டொனால்ட்ஸ் ஆல் அமெரிக்கன் ஆட்டத்தில் கோபி பிரையண்டும் ஆடினார். ஆனால் ஆட்டநாயகன் விருது வாங்கியது ஹாலோவே.

2000-ம் ஆண்டு தேசியத் தொடரில் செட்டன் ஹால் பல்கலைக்கழகத்துக்காக ஆடியபோது, ஓரிகன் அணிக்கு எதிராகக் கூடுதல் நேரத்தின் கடைசி நொடிகளில் வெற்றிப் புள்ளியைப் போட்டார். அடுத்த ஆட்டத்திலேயே கணுக்காலில் அடி. அவருடைய கல்லூரி வாழ்க்கை அத்தோடு முடிந்தது. கோபி எங்கேயோ போய்விட்டார். ஹாலோவே என்.பி.ஏ.வில் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை.

உடல் பலத்தால் மிரட்டும் அணிகளைப் பார்த்து உங்கள் பசங்களுக்குப் பயமில்லையா என்ற கேள்வி, மரே ஸ்டேட் ஆட்டத்துக்குப் பிறகு அவரிடம் வந்தது. நியூ ஜெர்சியிலும் நியூயார்க்கிலும் வளர்ந்த பசங்க இவங்க, இவங்களா பயப்படுவாங்க என்று அவர் திருப்பிக் கேட்டது அந்த வாரம் முழுக்க வைரல்.

பதினோராம் நாள்

மார்ச் 27-ம் தேதி நார்த் கரோலினா அணி மயில்களின் ஓட்டத்தை நிறுத்தியது. 69-49. முதல் பாதியிலேயே ஆட்டம் கைவிட்டுப் போயிருந்தது. அர்மாண்டோ பேகாட் மட்டும் 22 ரீபவுண்ட் எடுத்தார். சும்மா சொல்லக்கூடாது, அன்றைக்கு மயில்களிடம் எதுவும் மிச்சமில்லை.

அதற்குப் பிறகு நடந்ததைப் பற்றி அவ்வளவாக யாரும் பேசுவதில்லை. மூன்றே நாள் கழித்து, மார்ச் 30-ம் தேதி, ஹாலோவே தான் படித்த செட்டன் ஹாலின் பயிற்சியாளர் ஆனார். என்டெஃபோவும் பின்னாலேயே அங்கே போனார். பேங்க்ஸ் செயின்ட் போனவென்சருக்கு, எடர்ட் பிரையண்டுக்கு, டிராமே சகோதரர்கள் லா சாலுக்கு.

காரணம், அதற்கு முந்தைய வருடம் வந்த இரண்டு மாற்றங்கள். முன்பெல்லாம் வேறு கல்லூரிக்கு மாறினால் ஒரு வருடம் ஆடாமல் பெஞ்சில் உட்கார வேண்டும். 2021 ஏப்ரலில் அந்த விதி தளர்ந்தது, ஒருமுறை மாறினால் காத்திருக்கத் தேவையில்லை. அதே வருடம் ஜூலையில், மாணவர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் வைத்து விளம்பரத்தில் சம்பாதிக்கலாம் என்றும் ஆனது. மீசையால் மீம் ஆகிப்போன எடர்ட்டுக்கு, தொடர் முடிவதற்குள்ளேயே பஃபலோ வைல்ட் விங்ஸ் உணவகத்தின் விளம்பர ஒப்பந்தம் கிடைத்தது.

மாணவர்களைக் குறை சொல்வது நியாயமில்லை. பயிற்சியாளர் நல்ல வேலை கிடைத்தால் அடுத்த நாளே கிளம்பலாம், ஆட்டக்காரர் மட்டும் விசுவாசமாக இருக்க வேண்டும் என்பது பழைய காலத்துக் கணக்கு. ஆனால் இதில் சின்னக் கல்லூரிகளுக்கு விழும் அடியையும் மறுக்க முடியாது. சில வருடம் பொறுமையாகச் சேர்ந்து ஆடியதுதான் செயின்ட் பீட்டர்ஸின் ஒரே சொத்து. ஜெயித்த அந்த 10 நாட்களே அந்தச் சொத்துக்கு விலை ஒட்டிய ஷோகேஸ் ஆகிவிட்டன. தோற்றிருந்தால் ஒருவேளை எல்லோரும் அங்கேயே இருந்திருப்பார்களோ என்னவோ.

பஷீர் மேசன் என்ற புதிய பயிற்சியாளர் கிட்டத்தட்ட முதலில் இருந்து தொடங்கினார். முதல் சீசனில் 14 வெற்றி, 18 தோல்வி. அடுத்த சீசனில், 2024 மார்ச்சில், லீக் கோப்பையை ஜெயித்து மயில்கள் மறுபடி தேசியத் தொடருக்கு வந்தார்கள். அதே 15-ம் நம்பர். பேங்க்ஸ், எடர்ட், என்டெஃபோ, டிராமே சகோதரர்கள் யாரும் அதில் இல்லை. இந்த முறை எதிரே 2-ம் நம்பர் டென்னசி.

ஸ்கோர் 83-49. அதே வருடம், இன்னொரு தேசியத் தொடரான என்.ஐ.டி. கோப்பையை ஹாலோவேயின் செட்டன் ஹால் ஜெயித்தது.