செல் சட்டகத்தின் எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படிமங்கள்: உண்மை அமைப்பும் செயற்கைத் தோற்றமும்

முன்னுரை

செல்லின் வடிவத்தைத் தாங்குவதும் அதன் அசைவுக்கு வழியமைப்பதும் செல் சட்டகம் எனப்படும் புரத இழைத் தொகுதியாகும். இதன் நுண்குழல்கள் ஏறத்தாழ 25 நானோமீட்டரும், இடைநிலை இழைகள் 10 நானோமீட்டரும், ஆக்டின் இழைகள் 7 நானோமீட்டரும் விட்டமுடையவை. மரபான ஒளி நுண்ணோக்கியின் பிரிதிறன் சுமார் 200 நானோமீட்டர் என்பதால், இவ்விழைகளின் பின்னலை அறிய எலக்ட்ரான் நுண்ணோக்கி தேவைப்படுகிறது. ஆயின், அக்கருவியின் வெற்றிடத்தில் நீர் நிறைந்த செல்லை உள்ளவாறே வைத்தல் இயலாது. எனவே, படிமத்தில் தோன்றுவது செல்லின் அமைப்பா, பதப்படுத்தலின் விளைவா என்னும் வினா எழுகிறது.

மறைந்ததும் தோன்றியதும்

ஆஸ்மியம் டெட்ராக்சைடு கொண்டு பதப்படுத்திய காலத்தில் நுண்குழல்கள் பெரும்பாலும் சிதைந்து மறைந்தன. 1963இல் குளுட்டரால்டிஹைடு அறிமுகமானது. அதே ஆண்டில் லெட்பெட்டரும் போர்ட்டரும் தாவரச் செல்களில் அவற்றைத் தெளிவாகக் காட்டினர்.

இதற்கு நேர்மாறான நிகழ்வும் உண்டு. 1970களில் கொலராடோ பல்கலைக்கழகத்தில் போர்ட்டர் குழுவினர், உயர் மின்னழுத்த எலக்ட்ரான் நுண்ணோக்கியால் முழுச் செல்களை ஆராய்ந்து, சைட்டோபிளாசம் முழுவதையும் இணைக்கும் நுண்வலைப் பின்னல் ஒன்று உண்டு எனக் கருதினர். 1985இல் ஹான்ஸ் ரிஸ் இதனை மறுத்தார். செல்லை உலர்த்தப் பயன்படும் கார்பன் டை ஆக்சைடில் சிறிதளவு நீரோ எத்தனாலோ எஞ்சினும் இழைகள் உருக்குலைந்து வலைபோல் தோன்றும் என்றும், அவற்றை முற்றிலும் நீக்கினால் சீரான தடிமனுள்ள இழைகளே புலப்படும் என்றும் அவர் காட்டினார்.

உறைவித்தல் முறைகள்

1980இல் ஹியூசரும் கிர்ஷ்னரும் சவ்வு நீக்கிய செல்களை நொடிப்பொழுதில் உறையவைத்து, பனியை ஆவியாக்கி, எஞ்சிய இழைகளின்மீது பிளாட்டினம் படியச்செய்து வார்ப்புப் படிமம் எடுத்தனர். இம்முறை இழைகளைத் தெளிவாகக் காட்டும். எனினும் கரையும் பொருள்கள் முன்பே வெளியேறிவிடுகின்றன.

2002இல் மெடாலியா குழுவினர், டிக்டியோஸ்டீலியம் செல்களைப் பனிப்படிகம் உருவாகாதவாறு உறையவைத்து, சாயமேற்றாமலே பல கோணங்களில் படமெடுத்து, ஆக்டின் வலையமைப்பின் முப்பரிமாண வடிவத்தை மீட்டுருவாக்கினர். எனினும் மாதிரி மிக மெல்லியதாக இருத்தல் வேண்டும். அதனை முழுமையாகச் சாய்க்க இயலாததால் சில திசைகளில் தகவல் குறைகிறது.

முடிவுரை

ஒவ்வொரு முறையும் ஒன்றைக் காட்டிப் பிறிதொன்றை மறைக்கிறது. வெவ்வேறு வகையில் பிழைபடக்கூடிய இரண்டு முறைகளிலும் ஒரே அமைப்பு புலப்படுமாயின் அதனைப் பெரிதும் நம்பலாம். ஆதலின், செல் சட்டகப் படிமத்தை அது பதப்படுத்தப்பட்ட முறையோடு சேர்த்தே மதிப்பிடுதல் வேண்டும்.